நாற்பத்தோராவது தாவல்

ஒரு காட்டில் ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் இருந்தது. வீட்டிலிருந்து நாற்பது தாவல் தூரத்துக்குள் இருந்தால்தான் பிள்ளைக்கு இடம் என்று சட்டம். காட்டின் நடுவே ஓர் உப்பங்கழி. அதற்கு மேற்கே பள்ளிக்கூடம், கிழக்கே வெள்ளச்சி என்ற முயலின் வளை. இடையில் ஒரு மரப்பாலம்.

வெள்ளச்சிக்கு ஏழு பிள்ளைகள். மூத்தது கொழுந்துக்கு இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. புதுப் பை, புது சிலேட்டு எல்லாம் தயார். ஆனால் தூரம் அளக்க வந்த ஓணான் குமாஸ்தா, கோலை மடக்கிக்கொண்டே "நாற்பத்தொண்ணு" என்றது.

"இதே வளையிலிருந்துதாங்க நான் படிச்சேன். நாற்பதுன்னு உங்க ஆபீஸ்லயே சீட்டு குடுத்திருக்காங்க, பாருங்க."

ஓணான் சீட்டைப் பார்த்துத் தலையாட்டியது. கோலைப் பார்த்தும் தலையாட்டியது. "ரெண்டுமே சரிதாம்மா. எதுக்கும் தாசில்தாரைப் போய்ப் பாரு."

தாசில்தார் எருமை சேற்றில் படுத்தபடியே விசாரித்தது.

"வளை நகந்துச்சா?"

"வளை எப்படிங்கய்யா நகரும்?"

"பள்ளிக்கூடம் நகந்துச்சா?"

"இல்லீங்கய்யா."

"அப்ப நீதான் நகந்திருக்கணும். சனிக்கிழமையோட சேர்க்கை முடியுது. போ."

திரும்பும் வழியில் வெள்ளச்சி பாலத்தில் நின்றது. கரையோரம் இரண்டு பலகைகள் மட்டும் நிறம் வேறாக இருந்தன. பாலம் கரைக்கு எட்டவில்லை என்று இரண்டு தடவை பலகை சேர்த்தது அதற்கும் நினைவிருந்தது. ஏன் எட்டவில்லை என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

"விலகுது தங்கச்சி," என்றது பாலத்தடியிலிருந்து ஒரு குரல். காட்டுக்கு மழை அறிவிக்கிற தவளை. "ரெண்டு கரையும் ஒரு காலத்துல ஒண்ணா இருந்தது."

வாழையிலைத் துண்டு ஒன்றைக் கிழித்து, மறுபடி ஒட்டவைத்துக் காட்டியது. "ஓரம் பொருந்துறது இருக்கட்டும். நரம்பும் சேருது பாத்தியா? அந்தக் கரையில ஓடுற செம்மண் பட்டை, நேரா இந்தக் கரையில தொடருது. அங்க இருக்கிற நத்தைதான் இங்கயும் இருக்கு. உப்புத் தண்ணியில நத்தை நீந்துமா?"

"செத்துல்ல போகும். இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் அண்ணே யாரும் நம்பல?"

"நான் மழை பாக்கிற ஆளாம். மண்ணைப் பத்திப் பேசக் கூடாதாம்."

இருவருமாக நில நகர்வு மனு எழுதினார்கள். ஆறு கட்டம் வரை சிக்கலில்லை. ஏழாவது கட்டத்தில் 'தள்ளியவர் பெயர்' என்றிருந்தது. கழித் தண்ணீரை ஏற்றி இறக்குவது கரையையும் தள்ளாதா என்று நினைத்து, தவளை 'நிலா' என்று எழுதியது.

எருமை படித்துவிட்டு, "நிலாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா," என்றது.

சேற்றில் இருந்த மற்ற எருமைகள் வயிறு குலுங்கச் சிரித்தன. தவளைக்கு ரோஷம் வந்துவிட்டது. வடக்கு மலையிலும் அளந்து சாட்சி கொண்டுவருகிறேன் என்று புறப்பட்டுப் போனது, திரும்பவேயில்லை. அந்த மலையில் கொக்குகள் அதிகம்.

வெள்ளிக்கிழமை வெள்ளச்சி கழியோரம் உட்கார்ந்து, கொழுந்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது. இடம் கிடைக்காவிட்டாலும் பேன் பார்க்க வேண்டுமே. அப்போது தண்ணீருக்குள்ளிருந்து நண்டக்கா புலம்பிக்கொண்டே ஏறி வந்தது.

"இந்த வருஷமும் என் வீடு பொளந்துபோச்சுடி."

"எப்படிக்கா?"

"நடுக்கழியில தரை கதகதப்பா இருக்கும்னு வருஷா வருஷம் அங்கதான் வளை தோண்டுறேன். அடியிலேருந்து புதுச் சேறு பொங்கி வந்து வளையை ரெண்டாக்கிடுது. பாதி உன் கரைப் பக்கம் போகுது, பாதி பள்ளிக்கூடத்துப் பக்கம் போகுது. போன வருஷத்து வளை, அதுக்கு முந்தின வருஷத்து வளைன்னு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரிசையா நிக்குது, வேணும்னா வந்து பாரு."

வெள்ளச்சி கையிலிருந்த சீப்பைப் பார்த்தது. கொழுந்தின் தலையில் நடு வகிடு. வகிட்டிலிருந்து முடி இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்தது.

"அக்கா, நாளைக்குக் காலையில உனக்கு வேற வேலை எதுவும் இல்லையே?"

சனிக்கிழமை காலை ஏழாவது கட்டத்தில் 'கீழிருந்து வரும் புதுத் தரை' என்று எழுதி, பக்கத்தில் நண்டக்காவின் கொடுக்கு அடையாளமும் வைத்துக் கொடுத்தார்கள். எருமை மனுவை மேலும் கீழும் பார்த்தது. அதற்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. நிரம்பிய மனுவைத் திருப்பி அனுப்ப எந்த விதியிலும் இடமில்லை.

ஓணான் உத்தரவை உரக்க வாசித்தது: "நிலம் நகர்வது உண்மை. ஆகவே இனி ஆதி நிலவரப்படியே தூரம் கணக்கிடப்படும். ஆதியில் எல்லா நிலமும் ஒட்டியிருந்தபடியால், காட்டிலுள்ள அனைவருமே நாற்பது தாவலுக்குள் அடக்கம்."

வெள்ளச்சி சந்தோஷத்தில் வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே போனது. அனைவருமே என்ற சொல் அதன் நீண்ட காதில் விழவில்லை.

திங்கட்கிழமை கொழுந்தை வகுப்பில் விடப் போனால், அதே பெஞ்சில் ஓர் ஓநாய்க் குட்டி உட்கார்ந்திருந்தது. வாசலில் நின்ற தாய் ஓநாய் வாய் நிறையச் சிரித்தது.

"அக்கா, நாங்க கிழக்கே முந்நூறு தாவலுக்கு அந்தாண்ட இருக்கோம். உங்க மனுவாலதான் எங்க பிள்ளைக்கும் இடம் கெடச்சுது. ரெண்டும் ஒண்ணாவே சாப்பிடட்டும்."

ஓநாய்க் குட்டி கொழுந்தை முகர்ந்துவிட்டு, நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டது.

வெள்ளச்சி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் நுழைந்தது. இரண்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, உடம்பை நுழைத்து, முழங்கைகளை விரித்து உட்கார்ந்தது. கொழுந்து சுவரோரம் ஒதுங்கியது. ஓநாய்க் குட்டி மறு முனை வரை நகர்ந்து, பொத்தென்று கீழே விழுந்தது.

கழுதை வாத்தியார் வருகைப் பதிவேட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "யாரும்மா தள்ளினது?"

"கீழேருந்து வந்தேங்க ஐயா," என்றது வெள்ளச்சி. "என் பேரையும் எழுதிக்குங்க. மறுபடி ஒண்ணாம் வகுப்புலேருந்து படிக்கிறேன்."

நீதி: பூமி எப்படி நகர்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால், நகர்ந்தால் யார் பக்கத்தில் வந்து உட்காருவார் என்று கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.