நைஸ் மாமுவின் அரை நொடி

தண்டையார்பேட்டையில் எதையும் சட்டென்று முடிக்கத் தெரியாத ஒரே மனிதர் நைஸ் மாமுதான். பேச்சை மெல்ல ஆரம்பித்து, நடுவில் கத்தி, கடைசியில் தேய்ந்து காணாமல் போவார். சண்டையும் அப்படியே. எதிராளி ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போன பிறகும் இவர் உதடு அசைந்துகொண்டிருக்கும்.

டோல்கேட் பக்கம் வயர்லெஸ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எட்டாவதோடு படிப்பை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்த நான், கொஞ்ச நாள் அந்தக் கடை மேஜைக்கு அடியில் குடியிருந்தேன். வாடகை கிடையாது. அவர் பேசுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் எண்ணூர் குப்பத்திலிருந்து தேசம்மா வந்தாள். புருஷன் ஜுரத்தோடு கடலுக்குப் போய்விட்டான். செல்போன் எட்டாத தூரம். கரையிலிருக்கும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் படகு இன்ஜின் இரைச்சல்தான் கேட்கிறது.

"ஜுரம் வுட்டுச்சான்னு கேட்டா டுர்ர்ருன்னு வருது. அது அவனா, இன்ஜினான்னே தெர்லய்யா!"

மாமு ஒரு சின்ன கம்ப்யூட்டர் அட்டையை எடுத்தார். இரைச்சலைத் தடுத்துக் குரலை மட்டும் விட, சல்லடை மாதிரி ஓர் எண் வரிசை வேண்டுமாம். கணக்குப்படி அந்த வரிசைக்கு இரண்டு பக்கமும் முடிவே கிடையாது.

"எங்கியாவது வெட்டு மாமு" என்றேன்.

"சடார்னு வெட்டுனா கிணுகிணுன்னு கேக்கும், நைனா. நடுவுல முழுசா வுட்டுட்டு, ஓரம் போகப்போக நைசா தேய்க்கணும். அப்பவும் ஓரத்துல துளி மிச்சம் வைக்கணும்…"

தேய்த்ததில், குரலையும் இரைச்சலையும் பிரிப்பது மழுங்கியது. கூராக்க வரிசையை நீட்டினார். நீட்ட ஆரம்பித்தால் மாமுவுக்கு நிறுத்தத் தெரியுமா? எட்டாயிரம் எண்.

குப்பத்தில் கொண்டுபோய் மாட்டினோம். இரைச்சல் போய்விட்டது. ஆனால் அந்த எட்டாயிரம் எண்ணுக்குள்ளும் புகுந்து வருவதால் குரல் அரை நொடி தாமதம்.

"சாப்ட்டியா?" என்றாள் தேசம்மா.

அமைதி. பிறகு, "சாப்ட்டேன்."

அவள் மாமுவை முறைத்தாள். "இன்னாய்யா பண்ண? யோசிச்சுப் பதில் சொல்றான்! கல்யாணம் ஆனதுலேர்ந்து எம்புருசன் யோசிச்சதே கெடயாது. இது வேற ஆளு."

"அவன்தாம்மா. வரிசை நீளம், அதான்…"

"யோவ், ஜுரம் வுட்டுச்சா?" என்று கத்தினாள்.

அந்த அரை நொடி குப்பமே மூச்சுவிடவில்லை. மாமுவின் வாய்கூட நின்றிருந்தது.

"வுட்டுச்சு. கத்தாதடி!"

"அவன்தான்" என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள் தேசம்மா.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். போன மாதம் எனக்கு ஜுரம். எப்படியோ தெரிந்துகொண்டு மாமு போன் செய்தார். "வுட்டுச்சா, நைனா?" விட்டது என்றேன். பிறகு அவர் பேச்சு வழக்கம்போலத் தேய்ந்துகொண்டே போனது. ஒன்றும் கேட்காமல் போன பிறகும் நான் போனை வைக்கவில்லை. ஓரத்தில் துளி மிச்சம் இருக்குமே.