ஆறு மவுத்பீஸும் ஓர் அத்தையும்

நான்காவது மவுத்பீஸை, அந்த வாய் வைத்து ஊதும் முனையை, டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலில் செருகிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மேலே கலோலைன் அத்தையின் குடை தெரிந்தது. சிதிவேனி அவசரமாகத் துண்டை எடுத்து மற்ற ஐந்தையும் மூடினான். ஆனால் அத்தையின் கண் குடைக்கு முன்பே வேலியைத் தாண்டிவிட்டிருந்தது.

"என்னடா சத்தம் இது? ஒரு தடவ பசு கத்துது, ஒரு தடவ கப்பல் கத்துது" என்று கேட்டபடி அத்தை உள்ளே வந்தாள்.

"மவுத்பீஸ மாத்தி மாத்தி ஊதிப் பாக்கறேன் அத்தை. எது நமக்கு ஒத்து வருதுன்னு."

"அப்படியா? துண்ட எடு, பாப்போம்."

சிதிவேனி துண்டை எடுத்தான். வேறென்ன செய்வது? அந்தத் தீவில், கொலோவாய் ஊரில், அப்பாவின் அக்காவிடம் 'முடியாது' என்று சொன்ன ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அத்தையும் அவள் பெற்ற பிள்ளைகளும் அவள் தம்பி வீட்டில் எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும், சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். 'இது என்னுடையது இல்லை' என்று தப்பிக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருவன் தன் அத்தையிடம், "இது ஆபீஸ் சைக்கிள்" என்று உண்மையைத்தான் சொன்னான். இன்று வரைக்கும் ஊரில் அவன் பெயர் ஆபீஸ் சைக்கிள்.

அத்தை ஆறில் பெரியதாக, வெள்ளிபோல் மினுங்கியதை எடுத்து, கவிழ்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கவிழ்த்தால் நன்றாக உட்கார்ந்தது.

"பைபிள் படிக்கறப்போ காத்துல பக்கம் பறக்குதுடா. இது நல்ல கனமா இருக்கு" என்றாள். மவுத்பீஸ் அவள் கைப்பைக்குள் போய்விட்டது.

அவள் தலை மறைந்ததும் வீட்டுக்குள்ளிருந்து மனைவி தெலேசியா வந்தாள். "எத்தன இருக்கு?"

"அஞ்சு."

"சனிக்கிழமை கெலெப்பிகிட்ட எத்தன திருப்பிக் குடுக்கணும்?"

"அஞ்சு."

"அப்போ உங்களுக்கு?"

சிதிவேனி மிச்ச ஐந்தையும் துண்டில் சுருட்டினான். பதினெட்டு வருடமாக தேவாலய பேண்டில் டியூபா ஊதுகிறவன் அவன். பழைய மவுத்பீஸின் பூச்சு போய் உதடு புண்ணாகிக்கொண்டிருந்தது. கூட ஊதிக்கொண்டிருந்த கெலெப்பிக்கு இப்போது கடல் தாண்டி ஆக்லாந்து நகரத்தில் வேலை. விடுமுறைக்கு வந்தவன், ஒரு பையில் ஆறு மவுத்பீஸைக் கொண்டுவந்து கொடுத்தான். "எல்லாத்தையும் ஊதிப் பாருடா. பிடிச்ச ஒண்ண வாங்கிக்க. மத்த அஞ்சும் சனிக்கிழமை விமானத்துல என்கூடத் திரும்பி வரணும். அங்க ஒரு கடையில என் பேரச் சொல்லி எடுத்துட்டு வந்திருக்கேன், மானத்த வாங்கிடாத" என்று சொல்லிவிட்டுத் தன் அம்மாவைப் பார்க்க வேறு தீவுக்குப் படகேறிப் போனான்.

கெலெப்பியின் மானம் இப்போது அத்தையின் பைபிள் மேல் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் புதன்கிழமை, சிதிவேனி ஒரு யோசனை செய்தான். வீட்டில் ஊதினால்தானே அத்தை வருவாள்? டியூபாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே தன் கிழங்குத் தோட்டத்துக்குப் போனான். தெலேசியாவையும் இழுத்துக்கொண்டு போனான். ஊதுகிறவனுக்குத் தன் சத்தம் சரியாகக் கேட்காது, எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். அவளை நாற்பது அடி தள்ளி நிற்க வைத்து, ஒன்று மாற்றி ஒன்றாக ஊதினான். ஒன்றில் கீழ்ச்சுரம் மண்ணுக்குள் இறங்கியது, மேல்சுரம் வரமாட்டேன் என்றது. ஒன்றில் மேல்சுரம் பறந்தது, கீழே போனால் இருமியது. ஒன்றின் விளிம்பு உதட்டைக் கடித்தது.

"இது எப்படி?"

"கேக்குது."

"முன்னால ஊதினத விட நல்லா இருக்கா?"

"அதுவும் நல்லாத்தான் கேட்டுச்சு."

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலயா உனக்கு?"

"தெரியுதே. அதுல உங்க கன்னம் உப்புச்சு, இதுல கண்ணு பிதுங்குது."

அவன் கோபத்தில் ஊதிய ஊதலில் தோட்டமே அதிர்ந்தது. அமைதியான தோட்டத்தில் டியூபா எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை. கால்மணி நேரத்தில் அத்தை வந்தாள்.

"நீ இங்க இருக்கறது சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. நல்லதாப் போச்சு, ரெண்டு கிழங்கு தோண்டிக் குடு" என்றாள். அவன் தோண்டி நிமிர்வதற்குள் இன்னொரு மவுத்பீஸைக் கண்ணுக்கு நேரே பிடித்து அதன் ஓட்டை வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல அகலம், கீழ சின்ன ஓட்டை. புட்டியில தேங்காயெண்ணெய் ஊத்தறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே."

கிழங்கோடு புனலும் போயிற்று. மிச்சம் நான்கு.

வியாழக்கிழமை காலை தெலேசியா ஒரு வழி சொன்னாள். "பெரியவங்க மனசு குளிர்ந்தா தானாக் குடுப்பாங்க. ஒரு குட்டிப் பன்னிய வாட்டி எடுத்துட்டுப் போங்க. பேச்சோட பேச்சா கேளுங்க."

பன்றி பொன்னிறத்தில் வாட்டப்பட்டது. சிதிவேனி அதை வாழையிலையில் சுமந்துகொண்டு அத்தை வீட்டுக்குப் போனான். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் பிள்ளைங்ககூட இப்படி நெனச்சுக்கிட்டு வந்ததில்லடா."

"அத்தை, அந்தப் பைபிள் மேல வச்சிருக்கீங்களே..."

"அதுவா, ரொம்ப உபயோகம். ஆனா ஒரு பக்கத்துக்குத்தான் ஆகுது. இந்தப் பக்கத்த அமுக்கினா அந்தப் பக்கம் பறக்குது." அத்தை எழுந்து குடையை எடுத்தாள். "வா, உன் பொண்டாட்டிக்கு ஒரு வார்த்த நன்றி சொல்லிட்டு, அப்படியே இன்னொண்ணும் எடுத்துட்டு வந்துடறேன்."

அன்று மாலை சிதிவேனி சாப்பிடவில்லை. தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொட்டலம் பிரிக்காமலே ஆறியது. எண்ண வேண்டிய அவசியமில்லை என்றாலும் தெலேசியா எண்ணினாள். மூன்று.

"போதும். நான் பாத்துக்கறேன்" என்றாள். "ஊதறதுக்கு ஒண்ண வெளிய வச்சுக்குங்க. மத்த ரெண்டையும் நானே ஒளிச்சு வைக்கறேன். எங்கன்னு உங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன்."

வெளியே வைத்துக்கொண்டது ஆறில் அசிங்கமானது. மங்கலாக, ஓரத்தில் ஒரு கீறலோடு இருந்ததால் சிதிவேனி அதை முதல் நாளிலிருந்து தொடவே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகையில் வேறு வழியில்லாமல் அதை வைத்து ஊதினான். கீழ்ச்சுரம் இறங்கியது. மேல்சுரம் ஏறியது. உதடு கடிபடவில்லை. பேண்ட் வாத்தியார் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

"சிதிவேனி, அத இன்னொரு தடவ ஊதுப்பா."

ஊதினான்.

"பதினெட்டு வருஷமா இத எங்க வச்சிருந்த?"

சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு ஓடி வந்தான். எது என்று முடிவாகிவிட்டது. இனி அத்தையின் காலில் விழுந்தாவது மூன்றையும் வாங்கிவிடலாம், பத்திரமாக இருக்கிற இரண்டையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். வாசலில் தெலேசியா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை வந்தாங்க."

"மவுத்பீஸையா கேட்டாங்க?"

"இல்ல. அவங்க வீட்டுக்காரர் சொந்தத்துல நாளைக்குக் கல்யாணமாம். சீர் வைக்கப் பாய் கேட்டாங்க."

"குடுக்க வேண்டியதுதானே."

"குடுத்துட்டேன். உள்ள இருந்த பெரிய பாய்ச் சுருள அப்படியே தூக்கிட்டுக் கல்யாண ஊருக்கே போயிட்டாங்க." அவள் விரல் இடுக்கு வழியாக அவனைப் பார்த்தாள். "அதுக்குள்ளதான் வச்சிருந்தேன்."

சீராகக் கை மாறிப் போகிற கல்யாணப் பாயை இனி யார் பிரிப்பார்கள், எந்தக் கிராமத்தில் பிரிப்பார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை கெலெப்பி பெட்டியோடு வந்து இறங்கினான். "எடுடா பைய, விமானத்துக்கு நேரமாச்சு" என்றான்.

சிதிவேனி காலிப் பையை நீட்டினான். பிறகு பைபிள், புனல், பன்றி, பாய் என்று ஒன்று விடாமல் சொன்னான்.  கூடப் பிறந்தவன்போல் நம்பிக் கொடுத்தவனின் பெயரைக் கெடுத்துவிட்டோமே என்று அவனுக்கு அழுகையே வந்தது. கெலெப்பி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"அஞ்சும் போச்சா?"

"அஞ்சும் போச்சு. உன்மேல தப்பு வராம நான் பாத்துக்கறேன். அந்தக் கடைக்கார வெள்ளைக்காரனுக்கு நானே கடிதாசி எழுதறேன். எங்க ஊரு வழக்கம் இப்படின்னு புரியற மாதிரி எழுதறேன்."

"எந்த வெள்ளைக்காரன்?"

"உன்ன நம்பி ஆறையும் ஊதிப் பாக்கக் குடுத்தானே, அவன்தான்."

கெலெப்பி காலிப் பையை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அவன் பாவம்னு அஞ்சையாவது திருப்பிக் குடுக்கலாம்னு நெனச்சிருந்தேன், விடு" என்றான். "அந்தக் கடைக்காரன் என் தாய்மாமன் மகன்டா. அவனோட அத்தை மகன் நான் கடைக்குள்ள போய் ஆறையும் பையில போட்டப்போ, அவன் மூஞ்சியும் இப்ப உன் மூஞ்சி மாதிரிதான் இருந்துச்சு."