மணியடித்தால் ஓர் ஆள்

கோல்ச்சாகுவா, சனிக்கிழமை

வடக்கே வெடியுப்புச் சுரங்கத்தில் வெந்துகொண்டிருக்கும் மைத்துனன் அனாக்லெட்டோவுக்கு, உன் அத்தான் பால்டோமேரோ எழுதுவது. இங்கே நான், உன் அக்கா சோயிலா, பன்றி மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் நெஞ்சுச்சளியும் நல்லபடியாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

சுரங்கத்தை விட்டுவிட்டு வந்துவிடு. வீடும் துண்டு நிலமும் தந்ததற்காக, பண்ணையில் காலை மணியடித்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்பது நீ அறிந்ததுதான். எல்லாரும் பிள்ளையை அனுப்புகிறார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, இருந்த ஒரு மைத்துனன் நீயும் ஓடிப்போனாய். ஆனால் அந்த ஆள் நானாகத்தான் இருக்க வேண்டுமென்று எந்த முதலாளியும் சொன்னதில்லையே! திராட்சை பறிப்பு சமயத்தில் நிக்காசியோ என்று ஒருத்தன் மூட்டையோடு வந்தான், அடுப்படி மூலையில் படுத்துக்கோ, மொச்சைக் குழம்பு சாப்பிடு, மணியடித்தால் என் பேரைச் சொல்லி என் வீட்டு ஆளாகப் போ என்றேன், அவனும் மாடு மாதிரி உழைக்கிறான், வந்ததும் கூரையை வேய்கிறான், வாய்க்காலைத் தூர்வாருகிறான், எனக்கு எந்த வேலையும் மிச்சம் வைப்பதில்லை, நானும் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறேன். உன் அக்காதான் புலம்புகிறாள். "யோவ், பண்ணைக் காரியக்காரரு புதுசு. ஒருநாளாச்சும் போய் மூஞ்சியக் காட்டிட்டு வாய்யா" என்கிறாள். பொம்பளைக்கு நிர்வாகம் என்ன தெரியும்?

நேற்று அந்தப் புதுக் காரியக்காரர் தோன் அபெலார்தோ குதிரையில் வந்தார். நான் கொடிப்பந்தலுக்கடியில் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன். யார் நீ, இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். இது என் வீடு, நான் பால்டோமேரோ என்றேன். பால்டோமேரோவை இப்போதுதான் களத்தில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நான் அசரவே இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பண்ணைக் கணக்குக் கச்சேரிக்கு வந்து விளக்குகிறேன் ஐயா என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். மனுஷனுக்கு வழக்கம் தெரியவில்லை, பாவம். நான் பேசினால் புரிந்துகொள்வார், கையோடு உனக்கும் ஒரு வீடு கேட்டு வாங்கிவிடுவேன். வீடு எங்கே போகப்போகிறது?

சுரங்கத்துப் புழுதி உன்னை விட்டு விலகட்டும், நல்ல பெண் அமையட்டும். அக்காவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
பால்டோமேரோ

பி.கு. ஞாயிறு மத்தியானம். கச்சேரிக்குப் போய் எல்லாம் விளக்கினேன். காரியக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு, "வீடு பேருக்குக் குடுக்கலய்யா, மணியடிச்சா வர்ற ஆளுக்குக் குடுத்தது. உன் பேரை வச்சு நான் கோதுமை அறுக்க முடியுமா?" என்றார். வீடும் நிலமும் இப்போது நிக்காசியோவுக்கு. வயிறு எரிகிறது மச்சான். ஆனால் பையன் தங்கமானவன், எங்களைத் துரத்தவில்லை. "அண்ணே, எங்கயும் போகாதீங்க. அடுப்படி மூலை இருக்கு, குழம்பு இருக்கு. நான் இனிமே சொந்த நிலத்தைப் பாக்கணும், அதனால காலையில மணியடிச்சா..." என்று இழுத்தான். சோயிலா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நாளை முதல் அவன் வீட்டு ஆள் நான்.

ஆகவே நீ உடனே புறப்பட்டு வா. நிக்காசியோவிடம் சொல்லி என் பக்கத்திலேயே படுக்க இடம் வாங்கித் தருகிறேன். எனக்குப் பதிலாகப் போக ஓர் ஆள் வேண்டும்.