பென்சில் மாமுவின் தேவதாருச் சீவல்

வட சென்னையில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் வைத்திருந்த மனிதர் ஒருவர்தான். அவர் பென்சில் மாமு. பதில், தேவதாருச் சீவல். பட்டுப்புடவையில் பூச்சியா, சீவல். செருப்பு அலமாரியில் நாற்றமா, சீவல். ரோஜா வாடுகிறதா, சீவல். மகள் வீட்டுச் சம்பந்தியோடு தகராறு என்று ஒருவர் புலம்பியபோதுகூட மாமு ஒரு கணம் சீவல் மூட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

திருவொற்றியூரில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் மனைவி சரசக்காவோடு குடியிருந்தார். பென்சில் தொழிற்சாலையில் மரம் இழைக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் அவருக்கு மாமு, ஆகவே அவரும் மாமு ஆனார். என்னை மட்டும் சார் என்பார். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர், அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தே தலை நரைத்தவன். அந்த ‘சார்’ மரியாதையா கேலியா என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சீவல் கொடுத்தது காலடிப்பேட்டையில் ஒரு மரப்பட்டறை. துறைமுகத்தில் இறங்கும் தேவதாருவை அங்கே இழைப்பார்கள். சுருள் சுருளாக விழுவதை மூட்டை கட்டி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, டிரைவரோடு சண்டை போட்டு, எங்கள் மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து அடுக்குவார். படியேறும் போதெல்லாம் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் மாதிரி வாசனை அடிக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். சில வைத்தியங்கள் பலித்தன. முதல் மாடி ஜெபாக்காவின் பீரோவில் அந்துருண்டையைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டு, பழைய வேட்டித் துணியில் சீவலை முடிந்து அடுக்குக்கு ஒன்றாக வைத்தார். “வாசன கொறஞ்சா கடாசாதமா. கையில வெச்சி நல்லா கசக்கு, மறுபடி வந்துக்கும்,” என்றார். வந்தது. புடவைகளில் ஓட்டையும் விழவில்லை.

என் ஷூவுக்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை. வாசலில் கழற்றி வைத்திருந்ததில் நிரப்பிவிட்டார். மறுநாள் நடைப்பயிற்சியில் நான் காலெடுத்து வைத்த இடமெல்லாம் சருகு மிதிக்கும் சத்தம். திரும்பி வந்து கேட்டேன்.

“இன்னா மாமு இது?”

“கலீஜ் வாசன வந்துகினு இருந்திச்சு சார். நீங்க பெரிய மன்சன். யாரும் உங்ககிட்ட சொல்லமாட்டாங்க.”

எறும்பு விஷயத்தில் தோற்றார். அடுக்களை ஓரத்தில் சீவலைக் கோடு போட்டு வைத்தார். எறும்புகள் அதன் மேலேயே வரிசையாக ஏறி இறங்கிப் போயின. மாமு குனிந்து பார்த்துவிட்டு, “இது வெளியூரு எறும்பு. நம்ம பழக்கம் தெரியறதுக்கு நாளாவும்,” என்றார். தெருநாய்க்குப் போட்ட சீவல் மெத்தையை நாய் ஒரு முறை முகர்ந்து, தும்மிவிட்டு, எதிர் வீட்டு மணல் குவியலுக்குக் குடிபோனது.

மொட்டை மாடித் தொட்டிகளில் செடியின் தண்டைத் தொடாமல் சுற்றிலும் சீவலைப் பரப்பினார். வெயிலில் மண் காயவில்லை, தக்காளி காய்த்தது. பிறகு மழை வந்தது. சீவல் மிதக்கும் என்பதை இத்தனை காலம் மரத்தோடு வாழ்ந்தவர் எப்படி மறந்தாரோ, அத்தனையும் மிதந்து போய் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. மாடி ஏரியானது. “அதான் செடிங்கோ தண்ணிக்குத் தவிக்கல பாத்தீங்களா சார்,” என்று முழங்கால் நீரில் நின்றுகொண்டு சொன்னார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது.

எங்கள் பகுதியில் மூக்குதான் காவல்காரன். தெற்குக் காற்றில் மீன், மேற்குக் காற்றில் மணலிப் பக்கத்துப் புகை, வடக்கே எண்ணூர்ச் சாம்பல். எது அளவு மீறுகிறது என்று முகர்ந்துதான் ஜன்னலைச் சாத்துவோம். அப்படிப்பட்ட மூக்குகளை மாமுவின் மூட்டைகள் மழுங்கடித்துவிட்டன. ஜெபாக்கா வீட்டு கேஸ் குழாயில் விரிசல் விட்டு, வாசனை படிக்கட்டு வரை இறங்கியது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிலிண்டர் கொண்டுவந்தவர்தான் கேட்டிலேயே நின்று கத்தினார். “இன்னாமா, கேஸ் லீக்காயிகினு கீது, நீங்க பாட்டுக்கு டிவி பாத்துகினு கீறீங்க?”

கூட்டம் கூடியது. சங்கத் தலைவர் ஜெபாக்காவின் கணவர், மளிகை மொத்த வியாபாரி, தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. “மாடிப்படிக்கு அடியில காஞ்ச சீவல், மேல கேஸு. தீக்குச்சி ஒண்ணு போதும்லா?” என்றார். பொது இடத்தில் எரியக்கூடிய பொருளைச் சேமிக்கக் கூடாது என்று நோட்டீஸ் எழுதினேன். இன்று எடுத்துப் படித்தாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தோம். மாமு நோட்டீஸை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சரிதான் சார். நெருப்பு பொல்லாதது,” என்றார். மூட்டைகள் குப்பை லாரியில் போயின. படிக்கட்டைக் கழுவிவிட்டார். வீட்டுக்குள் சிதறிக் கிடந்ததையும் கூட்டி அள்ளினார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். மாமு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, சலவைச் சட்டையும் தலை நிறைய எண்ணெயுமாகத் திரும்பினார். நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன். தரைத்தளக் கதவு பாதி திறந்து, துடைப்பம் ஒன்று வெளியே நீண்டது. பின்னால் சரசக்கா. மூட்டு வலி, அதனால் வெளியே வருவதில்லை என்று மாமு வெகுநாளாகச் சொல்லி வந்த சரசக்கா.

“யாருய்யா நீ? போ அந்தாண்ட.”

“சரசு, நான்தான்மே.”

“எங்க வூட்டுக்காரரு ஷிப்டுக்குப் போய்கீறாரு. வந்தாருன்னா உன்ன வுடமாட்டாரு.”

“என் மூஞ்ச பாருமே.”

“மூஞ்ச இன்னாத்துக்குப் பாக்கறது? அவரு மேல மர வாசன அடிக்கும். உன் மேல சோப்பு வாசன அடிக்குது.”

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. மாமு படியில் உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன். என்ன கேட்பதென்று எந்த விதிமுறையிலும் இல்லை.

“எவ்வளவு நாளா இப்படி?”

“ரிட்டேராயி வூட்டோட கெடந்தப்போ ஆரம்பிச்சிது. மொதல்ல பேரு போச்சு. அப்பால மூஞ்சி போச்சு. ஒரு நாளு பட்டறப் பக்கம் போய்ட்டு வந்தேன், அன்னிக்கி மட்டும் சோறு போட்டுச்சு.” கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “நான்தான்னு தெர்யணும்ல சார்.”

பட்டறைக்குப் போய்வர நேரமில்லை. உள்ளே அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு மறந்துபோனால் யார் பார்ப்பது? நான் முதல் மாடிக்குப் போய் ஜெபாக்காவிடம் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து எல்லா முடிச்சுகளையும் உருவிக்கொண்டு கீழே வந்தார். பழைய சீவல், வாசனை குறைந்திருந்தது. மூவரும் படியில் உட்கார்ந்து கசக்கினோம். சோப்பு வாசனையை வெல்ல அது போதவில்லை. ஆகவே அன்றிலிருந்து நான் ரகசியமாக ஷூவில் போட்டுவந்த சீவலையும் எடுத்துக் கொடுத்தேன். மாமு அதையும் கழுத்தில் தேய்த்துக்கொண்டார். இதைப் பற்றி நான் விரிவாக எழுத விரும்பவில்லை.

தலைமுடியிலும் சட்டையிலும் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டிருக்க, போய்க் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. சரசக்கா முகத்தைப் பார்க்கவில்லை. கிட்டே வந்து மூச்சை இழுத்தார்.

“இன்னாய்யா, ஷிப்டு முடிஞ்சி இம்மா நேரம் எங்க சுத்திகினு வர?”

“ஓவர்டைம் சரசு.”

“சோறு ஆறிப் போச்சு. வா.”

அன்று மாலையே கூட்டம் கூட்டினேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நோட்டீசு எழுதுனதும் நீங்கதான சார். இப்ப மூட்டையத் திரும்பக் கொண்டாரணும்னா எப்படி?”

“பொது இடத்துல வைக்கக் கூடாதுன்னுதான் அதுல இருக்கு அண்ணாச்சி. மனுஷன் மேல வைக்கக் கூடாதுன்னு இல்ல.”

அவர் தலையைச் சொறிந்தார். “என் குடோன்ல ஒரு மூல காலியாத்தான் கெடக்கு. அங்க போடுங்க,” என்றார். எல்லா வீட்டு கேஸ் குழாயும் மாற்றப்பட்டது. மாடி வடிகாலுக்கு வலை அடித்தோம். அண்ணாச்சி தினமும் கடை திறக்கப் போகும்போது, புதுச் சீவல் ஒரு பை தரைத்தளக் கதவின் கொண்டியில் தொங்கும். மாமு வேலையில்லாமலே அந்தப் பையோடு தினமும் ஷிப்டுக்குக் கிளம்பி, தெருவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, சீவலை உடம்பில் தேய்த்துக்கொண்டு வீடு திரும்பினார்.

சரசக்கா போய்ச் சேர்ந்த பிறகு அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை. ஜெபாக்கா பீரோவுக்குக் கேட்டபோதுகூட, “அந்துருண்டையே நல்லாதான் இருக்கும்மா,” என்று சொல்லிவிட்டார். பிறகு மகள் வீட்டுக்குக் குடிபோனார்.

நான் இப்போது காலையில் குறுக்கெழுத்துப் போடுகிறேன். இன்றைய பென்சில்களில் வாசனை ஒன்றும் வருவதில்லை. ஆனாலும் உட்காரும் முன் தேவைக்கு மேல் கொஞ்சம் சீவிப் பார்க்கிறேன்.