தை மாதத்தில் கட்டிய காப்பு

“நாலு எழுத்துப் படிச்சுட்டா நோவு தெரிஞ்சுருமா? போய் வேலையப் பாரு, சாமி” என்றார் மாமா. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஒரு டாக்டர் சீட்டை வாசித்துக் காட்டியதற்குக் கிடைத்த மரியாதை இது.

சீட்டு எங்கள் தெருவில் முறுக்குச் சுட்டு விற்கும் கைமுறுக்கு அக்காவுடையது. செவ்வாய்ப்பேட்டையில் அவளைப் போல ஒரு பிடிவாதக்காரி முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. அவள் விரலால் சுற்றும் முறுக்கு அச்சில் வார்த்தது போல நிற்கும். ஆனால் அந்த வருஷம் கால் இரண்டும் வீங்கி, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது.

“இருதயம் களைச்சுப் போயிருக்கு. மருந்தோட ரெண்டு வாரம் உப்பே கூடாது” என்றார் டாக்டர்.

“அந்த டாக்டருக்காவ உப்ப உடறதா? ஆத்தாளுக்குன்னா உடறேன்!” என்றாள் அக்கா.

ஆடியில் மாரியம்மனுக்கு விரதமிருந்து கட்டும் காப்பை, தை மாதத்தில் மஞ்சள் துணி கிழித்துத் தானே கட்டிக்கொண்டாள். பூசாரி ஓடி வந்தார்.

“ஏனம்மா, மாசம் தெரியாதா?”

“எனக்குத் தெரியுமுங்க. நெஞ்சுக்குத் தெரியலீங்களே!”

முறுக்கு மாவில் உப்புப் பார்க்க ஆள் வேண்டுமே? போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்தாள். “தபால்கார ஐயா, நாக்க நீட்டுங்க!” அவரும் கடிதம் இல்லாத நாளிலும் எங்கள் தெருவுக்கு வந்தார்.

பத்தாம் நாள் வீக்கம் வடிந்து மெட்டி கழன்று விழுந்தது. அபசகுனம், தன் ஆயுசு முடிந்தது என்று அவள் வீட்டுக்காரர் அலறினார்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. பொழச்சது நானு!” என்று மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறிக் காட்டினாள்.

பதினைந்தாம் நாள் காப்பை அவிழ்த்தாள். மூன்று நாள் கருவாட்டுக் குழம்பு. நாலாம் நாள் உட்கார்ந்தபடியே மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம்.

“நோய் போகலைம்மா. இருதயத்தோட பாரந்தான் கொஞ்ச நாள் இறங்கியிருந்துச்சு” என்றார் டாக்டர்.

அவள் கண்ணில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

“இதுவும் அந்தச் சீட்டுல இருந்துதா, சாமி?”

“இல்லீங்க்கா. இப்பத்தான் எனக்கே தெரியும்.”

“அப்ப இன்னும் படி.” கையை நீட்டினாள். “கட்டியுடு. இந்தத் தடவ நாள் கணக்கு வேண்டாம்.”

கட்டினேன். இன்றும் அக்கா உப்பில்லாமல் தின்கிறாள், உப்பாகத் திட்டுகிறாள்.

போன வாரம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினேன். “இதுதானா?” என்று அக்கா தடவிப் பார்த்ததில் தாளின் ஓரத்தில் எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. வேறு தாளில் எழுதச் சொன்னார்கள் வீட்டில். நான் அதையேதான் அனுப்பினேன்.