கிளமென்ட்டுக்கு விழுந்த பரிசு

கிளமென்ட் காலை ஐந்து மணிக்கு எழுந்தது தன் வாழ்க்கையை உயர்த்திக்கொள்ளத்தான். ஆனால் ஐந்தேகாலுக்கு அவர் சம்ப் தொட்டியின் மூடியைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். காதில் இருந்த இயர்போன், "இந்த ஒரு மணி நேரம் உங்களுக்கே உங்களுக்குச் சொந்தம்" என்றது.

"தண்ணி வந்துருச்சுங்களா?" என்று இரண்டாம் மாடியிலிருந்து நஞ்சுண்டன் குரல் கொடுத்தார். அவர்தான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்.

"இன்னும் இல்லீங்க."

"அவசரமே இல்லீங்க. நிதானமாப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி போர்வைக்குள் போய்விட்டார்.

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு குலுக்கல் உண்டு. மற்ற வருஷங்களில் பக்கெட், ஹாட்பாக்ஸ், சுவர்க் கடிகாரம் என்று நாலைந்து பரிசுகள் இருக்கும். இந்த முறை ஒரே பரிசு, ஆனால் பெரிய பரிசு என்று நஞ்சுண்டன் அறிவித்தார். 'அதிகாலை மனிதன்' என்ற மூன்று மாத ஆன்லைன் வகுப்பு. குழந்தை கனிஷ்கா டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் கிளமென்ட்டின் பெயர் இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு எவர்சில்வர் ஸ்பூன்கூடப் பரிசாக விழாத மனிதர் அவர். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு ஹாட்பாக்ஸ் உழுந்திருந்தாலாச்சும் இட்லி சூடா இருந்திருக்கும்," என்றாள் மனைவி ஃபெமினா.

ஆனால் பரிசு வந்த நேரம் நல்ல நேரம். கிளமென்ட் வேலை பார்த்த மோட்டார் பம்ப் கம்பெனியில் மேனேஜர் பதவி காலியாகியிருந்தது. ஏப்ரலில் நேர்முகத் தேர்வு. இரண்டு முறை அந்த நாற்காலி அவர் மூக்குக்கு முன்னால் வந்து நழுவிப் போயிருக்கிறது. இந்த முறை போட்டிக்கு நின்றது அவரிடமே வேலை பழகிய வின்ஸ்டன். தோற்றால் தான் பழக்கிய பையனுக்கு வணக்கம் போட வேண்டும். ஃபெமினா வேறு தங்கச்சியிடம் இந்த முறை நிச்சயம் என்று சொல்லி வைத்திருந்தாள். அது அவருக்கு நெஞ்சுக்குள் முள்ளாகவே கிடந்தது.

வகுப்பின் முதல் நாள், பால்கனியில் நின்று, "என் நாளுக்கு நானே முதலாளி" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். தினமும் மோட்டார் போடும் வாட்ச்மேன் வேங்கடசாமி, தன் மகளின் பிரசவத்துக்காக உடுமலைப்பேட்டைக்குக் கிளம்பிய வாரம் அது.

"ஏனுங்க கிளமென்ட், எப்படியும் எந்திரிச்சுட்டீங்க. நல்ல தண்ணி வந்தா அந்த மோட்டாரைக் கொஞ்சம் போட்டு உட்ருங்களே," என்றார் நஞ்சுண்டன்.

அதட்டிக் கேட்டால் மறுத்துவிடலாம். கோயம்புத்தூரில் 'ங்க' போட்டுக் கேட்டால் கிட்னியைக்கூடக் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான். கிளமென்ட் இறங்கிப் போய் மோட்டாரைப் போட்டார்.

பால்கனியில் நின்றால்தானே வம்பு என்று அடுத்த வாரம் மொட்டை மாடிக்குப் போனார். மாடியில்தான் இருக்கிறீர்கள், டேங்க் நிரம்பி வழிகிறதா என்று பார்த்துவிடுங்கள் என்று மூன்று வீட்டிலிருந்து செய்தி வந்தது. சாந்தாமணி அக்கா, காயப்போட்ட மிளகாய் பனியில் நனைகிறதா என்றும் பார்க்கச் சொன்னார்.

அப்புறம் வீட்டுக்குள்ளேயே, விளக்கைப் போடாமல், இருட்டில் உட்கார்ந்து தியானம் செய்தார். ஐந்து பத்துக்குக் காலிங்பெல் அடித்தது. வாசலில் நாலு பேர் நின்றார்கள்.

"லைட் எரியலையேன்னு பயந்துபோட்டோமுங்க. வகுப்பை மட்டும் உட்றாதீங்க. உங்க முன்னேற்றம்தானுங்க எங்களுக்கு முக்கியம்," என்றார் நஞ்சுண்டன்.

கிளமென்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. சொந்தத் தம்பிகூட அவர் முன்னேற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவர்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள்? பூர்வ ஜென்ம பந்தம் என்று சொல்லலாம் என்றால் அவர் கத்தோலிக்கர்.

கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. இவர்கள் விழிப்பதற்குள் முடித்துவிடுவோம் என்று நாலு மணிக்கு எழுந்தார். இரண்டே நாளில் அதுவும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கயல்விழிக்குப் பெங்களூர் ரயில், ஸ்டேஷனில் விட வேண்டும். முதல் மாடிப் பையனுக்குப் பரீட்சை, எழுப்பிவிட வேண்டும். எழுப்பினால் அவன் எழவில்லை. அவன் புத்தகத்தைப் பிரித்து உட்காரும்வரை கிளமென்ட் கதவருகே காவல் நின்றார். ஒரு நாள்கூட அவர் கண்ணாடி முன்னால் நின்று தன்னை முதலாளி என்று சொல்லி முடிக்கவில்லை.

நேர்முகத் தேர்வு அன்று ஏசி அறையில் மெத்தென்ற நாற்காலி போட்டிருந்தார்கள். அதுதான் வினையாகிப் போனது.

"உங்களோட பெரிய பலம் என்னங்க கிளமென்ட்?" என்று முதலாளி கேட்டார்.

முதலாளி மேஜையை மெல்லத் தட்டினார்.

"மோட்டாரை ஆஃப் பண்ணிட்டேனுங்க," என்றார் கிளமென்ட், கண்ணைத் திறக்காமலே.

வேலை வின்ஸ்டனுக்குப் போயிற்று. வின்ஸ்டன் எழுவது எட்டு மணிக்கு.

வீட்டுக்கு வந்ததும் ஃபெமினா திட்டவில்லை. காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்காச்சும் நல்லாத் தூங்குங்க," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"தப்பு எம்மேலதான் ஃபெமி. வகுப்பை ஒழுங்காச் செய்யலை," என்றார்.

செய்தி அறிந்து சாயங்காலமே நஞ்சுண்டன் தேங்காய் பர்பியோடு வந்துவிட்டார். மனசைத் தளர விடக்கூடாது என்று வெகுநேரம் தேற்றினார். இதே வகுப்பில் அடுத்த நிலை ஒன்று இருக்கிறதாம், ஒரு வருஷம் நடக்குமாம், அதைச் சங்கமே அவருக்குப் பரிசாகக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறதாம். கிளமென்ட் கைகூப்பி, யோசித்துக் காலையில் சொல்கிறேன் என்றார். "அஞ்சு மணிக்கே சொல்லுங்க," என்று எழுந்து போனார் நஞ்சுண்டன்.

இந்த அன்புக்காகவாவது சேர்ந்துவிட வேண்டும் என்று முடிவு செய்து கிளமென்ட் கீழே உலாத்தப் போனார். கேட்டருகே வேங்கடசாமி ஒரு பையோடு நின்றிருந்தார். பேரன் பிறந்திருக்கிறான் என்று ஒரு ஜிலேபிப் பொட்டலத்தை நீட்டினார்.

"எப்ப வேலைக்கு வாரீங்க?" என்றார் கிளமென்ட்.

"எங்கீங்க சார். இப்பத்தான் செயலாளரைப் பாத்துட்டு வாரேன். இன்னொரு வருசத்துக்கு ஆள் வேண்டியதில்லைன்னு சொல்லிப்போட்டாருங்க. உங்க வகுப்பு நல்லாப் போகுதுங்களா?"

"போகுது. வேலைதான் கிடைக்கலை. ஆனாலும் பாருங்க, என் ஆயுசுல எனக்குன்னு விழுந்த ஒரே பரிசு இதுதான்."

வேங்கடசாமி வெள்ளந்தியாகச் சிரித்தார்.

"உழுகாம எங்கீங்க சார் போகும்? டப்பாவுல இருந்த அத்தனை சீட்டுலயும் உங்க பேரைத்தானுங்க என்னைய எழுதச் சொன்னாங்க."