சேர்ந்தாயிற்று

மேகம் தரையிலேயே படுத்துத் தூங்குகிற நாடு ஒன்று இருந்தது. அங்கே பகல் என்றால் பால் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். ஆனாலும் ஜனங்கள் சுவரைத் தடவியும், எதிரே வருகிறவரிடம் கேட்டும் ஒழுங்காக வீடு போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மன்னருக்கு அது பொறுக்கவில்லை.

ஆளுக்கொரு நீலமணி கொடுத்தார். உள்ளங்கையில் வைத்தால் மினுமினுக்கும். போகிற இடத்தைச் சொன்னால் வழி சொல்லும். முடிவில் தேன் குரலில் "சேர்ந்தாயிற்று" என்னும். இலவசம்தான். யார் எங்கே போகிறார்கள் என்று அரண்மனைக்கும் தெரிந்துவிடும் என்பதை எவன் யோசித்தான்?

தேர் போகிற சாலையில் மணி சரியாகத்தான் சொன்னது. சந்துக்குள் நுழைந்ததும் அதற்குப் புத்தி தடுமாறியது. நடந்து போனவர்கள் அடுத்தவர் அடுப்படியில் போய் நின்றார்கள். குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று "சேர்ந்தாயிற்று" கேட்டவர்களும் உண்டு. ஜனங்கள் முறையிட்டார்கள். வழித்துறை மந்திரி கனகசபாபதி தொண்டையைச் செருமினார்.

"மணி தவறாது. ஊர்தான் சற்று விலகி நிற்கிறது. இனி ஒருவரை ஒருவர் வழி கேட்பது ராஜதுரோகம். சேர்ந்தாயிற்று என்ற பிறகு ஓர் அடி எடுத்து வைப்பதும் ராஜதுரோகம்."

இப்படித்தான் பூவாயி ஒரு சுவர் முன்னால் மாட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் அவள் மகளுக்குத் தலைப்பிரசவம். கூட ஆள் இல்லை. இது வீட்டின் பின்சுவர். வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. மணியோ சொல்லி முடித்துவிட்டது.

"வாசலுக்குப் போகணும் சாமி," என்றாள் காவலனிடம்.

"சேர்ந்தவங்களுக்கு வாசல் எதுக்கு ஆத்தா?"

"உள்ள எம்மக கத்துறது உன் காதுல விழலியா?"

"விழுது. அவ்வளவு கிட்ட வந்துட்டீங்களேன்னுதான் சொல்றேன்."

பனிக்குள் நீலப் புள்ளிகள் மிதந்தன. சுவருக்குச் சுவர், சேர்ந்துவிட்ட ஜனங்கள் உறங்குகிறவர்கள்போல நின்றார்கள்.

அன்று மன்னரும் ஜனங்களைப்போல நடந்தே மேடைக்குப் போவதாக ஏற்பாடு. நாடு சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்துவிட்டது என்று பேச வேண்டும். மேடை தேரடியில். மன்னருடைய மணி அவரை அதே சந்துக்குள் கூட்டிவந்து, அதே சுவரில் முட்டவிட்டு, "சேர்ந்தாயிற்று" என்றது.

கூட வந்த கட்டியக்காரன் முறைப்படி உரக்க அறிவித்தான்: "மன்னர் போய்ச் சேர்ந்துவிட்டார்."

பனியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, காதில் விழுந்ததுதான். எங்கோ ஒரு சங்கு ஊதியது. பறை எழுந்தது. அடுத்த மன்னருக்கு முதல் கும்பிடு போடக் காவலர்கள் ஓடினார்கள்.

"நான் உயிரோடுதான் இருக்கிறேன்," என்றார் மன்னர்.

கூடவே வந்திருந்த மந்திரி குனிந்து சொன்னார்: "மணி தவறாது, பிரபு." சொல்லிவிட்டு அவரும் ஓடினார்.

பூவாயி மணியைக் கீழே போட்டாள். சுவரைத் தடவிக்கொண்டே மூலை திரும்பினாள். கதவு கையில் தட்டுப்பட்டது.

குழந்தை அழுது அடங்கியபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "யாரம்மா உள்ளே? மேடைக்கு எப்படிப் போவது?"

பேரனைத் துணியில் சுற்றிக்கொண்டே பூவாயி சொன்னாள்: "வழி கேக்கக் கூடாது சாமி. நீங்கதான் சேர்ந்தாச்சே."